யாருக்கு வரும் கரண்ட் பில்?

"அஞ்சு ஸ்டார்னா கரண்ட் பில் நிஜமாவே குறையுமா?" என்று மறுபடியும் கேட்டார் பெரியவர்.

"குறையும் சார். விலைதான் கொஞ்சம் கூட," என்றார் கடை விற்பனையாளர். "ஏசி ரொம்ப நேரம் ஓடுமா?"

"பகல்லயும் ஓடும். கைக்குழந்தை இருக்கு. மாடி ரூம் வேற, அனலா கொதிக்கும்."

"அப்ப அஞ்சு ஸ்டாரே எடுத்துக்கங்க."

பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு ஏசியின் ஸ்டிக்கரையும் படித்தார். "இதுவும் அஞ்சு ஸ்டார், அதுவும் அஞ்சு ஸ்டார். ஆனா இதுல வருஷத்துக்கு யூனிட் கம்மியா போட்டிருக்கே. இதையே கொடுங்க."

சரியான கஞ்சப் பிசினாறி என்று நினைத்துக்கொண்டே, விற்பனையாளர் முகவரி கேட்டார்.

"மாடி போர்ஷன்னு போட்டுக்கங்க. எங்க வீட்ல குடியிருக்கறவங்களுக்கு."

விற்பனையாளர் நிமிர்ந்தார். "வாடகை வீட்டுக்கா? மூணு ஸ்டாரே போதுமே சார். கரண்ட் பில் அவங்கதானே கட்டப்போறாங்க, நமக்கென்ன?"

"போன மாசம் நான் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழுந்தப்போ, மாடியிலேர்ந்து ஓடி வந்து என்னைத் தூக்கிட்டுப் போனவர் அவர்தான்," என்றார் பெரியவர். "நமக்கென்னன்னு அவர் இருந்திருந்தா, இன்னிக்கு நான் இங்க நின்னு ஸ்டிக்கர் படிச்சிட்டிருக்க மாட்டேன்."