மழைக்கு நாலாயிரம், மீனுக்கு நாற்பது

"தம்பி, நீயே சொல்லு. மழைக்கு நாலாயிரம், என் மீனுக்கு வெறும் நாப்பதா? இது அடுக்குமா?"

மீன்வளப் புள்ளிவிவரங்களைக் கவனிக்கும் அதிகாரி, கணினிப் பிரிவு இளைஞனின் திரையை விரலால் குத்தினார். அது அரசுப் புள்ளிவிவரத் துறையின் இணையதளம். ஆராய்ச்சி செய்கிறவர்கள் காசில்லாமல் எதை வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். எது எத்தனை தடவை இறக்கப்பட்டது என்ற கணக்கும் பக்கத்திலேயே ஓடும்; பொத்தானை ஒரு தடவை அழுத்தினால் கணக்கில் ஒன்று ஏறும்.

அந்தக் கணக்குதான் அவர் வயிற்றெரிச்சலுக்குக் காரணம். இணையதளத்துக்கு ஒரு தலைவரை நியமிக்கப் போகிறார்கள். எந்தத் தகவல் அதிகம் இறக்கப்படுகிறதோ அந்தப் பிரிவுக்குத்தான் பதவி என்று இயக்குநர் கறாராகச் சொல்லிவிட்டார். இப்படியே போனால், தனக்குப் பின்னால் வேலைக்கு வந்த மழைப் பிரிவு மேடத்திடம் போய் லீவுக்குக் கையெழுத்து வாங்க வேண்டும். நினைக்கும்போதே அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ரெண்டு வருஷம் முன்னாடி அந்தம்மாவை யாரு சீந்தினாங்க? இப்ப என்னடான்னா தலைகால் புரியல. அப்படி என்னதான்பா பண்றாங்க?"

"அம்பது வருஷத்து மழையையும் ஜிப் பண்ணி ஒரே ஃபைலா போடச் சொன்னாங்க சார். போட்டேன். அவ்வளவுதான்."

"அப்படியா சேதி! என் மீனையும் அதே மாதிரி போடு."

"உங்களுது நல்லாத்தானே சார் இருக்கு?"

"ஓஹோ, நீயும் அந்தம்மா கட்சியா? சொன்னதைச் செய்யப்பா."

செய்தான்.

மறுநாளே மீன் கணக்கு எகிறத் தொடங்கியது. அதிகாரிக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடி வைத்துவிட்டு ஓடிப்போய்த் திரையைப் பார்த்துவிட்டு வருவார். மாதம் முடிவதற்குள் மீன் மழையைத் தாண்டிவிட்டது.

மழை மேடம் அவர் மேஜைக்கே வந்துவிட்டார். "எப்படி சார் இது? ரகசியத்தை எனக்கும் கொஞ்சம் சொல்லுங்களேன்."

"இதுல என்ன மேடம் ரகசியம்? சரக்கு நல்லா இருந்தா ஆளுங்க தானா வரப்போறாங்க."

மேடத்தின் முகம் சுண்டிப்போனது. அதைப் பார்த்த பிறகுதான் அதிகாரியின் வயிறு குளிர்ந்தது.

சற்று நேரத்தில் இயக்குநரே எட்டிப்பார்த்தார். "ஜமாய்ச்சுட்டீங்க! நாளைக்குக் காலையில கணக்கைக் கடைசியா ஒரு தடவை பார்த்துட்டு, உங்க நியமன உத்தரவுல கையெழுத்துப் போட்டுடறேன்."

அவர் தலை மறைந்ததும் மேஜைத் தொலைபேசி அடித்தது.

"சார், பல்கலைக்கழகத்துல இருந்து ஆராய்ச்சி மாணவி பேசறேன். மொத்தமா ஒண்ணாக்கின உங்க மீன் ஃபைலை இறக்கினா, முடியப்போற நேரத்துல நின்னுடுது. மறுபடி மறுபடி அழுத்தி விரலே தேஞ்சுபோச்சு. இங்க எல்லாருக்கும் இதே கதிதான்."

"நல்லாப் பாருங்கம்மா. மழை ஃபைல் மட்டும் வருதுல்ல?"

"அய்யோ, அது ஒரு வருஷமாவே இப்படித்தான் சார்! உங்க மீன் ஒண்ணுதான் அழுத்தின உடனே வந்துட்டு இருந்துச்சு. ஒருத்தர் இறக்கினா எல்லாரும் பகிர்ந்துப்போம். அதுக்கும் இப்ப யாரோ கண்ணு வெச்சுட்டாங்க. நாங்க என்னதான் சார் பண்றது?"

அதிகாரி மழை மேடத்தின் மேஜைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நாளைக்குக் காலை வரைக்கும் எல்லாரும் விடாம அழுத்திக்கிட்டே இருங்கம்மா!"