நாலு நிமிஷம் பன்னிரண்டு வினாடி அழுகை

அவன் தரையில் சரிந்து உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தான். தோள் குலுங்கியது. மூக்கு சிவந்து, கைக்குட்டை பிழிந்தால் சொட்டும் அளவுக்கு நனைந்திருந்தது.

எதிரே நின்ற மனைவி கடிகாரத்தைப் பார்த்தாள். "ஏங்க, இன்னும் பதினெட்டு செகண்டு இருக்கு. அதுக்குள்ள ஓய்ஞ்சுடாதீங்க."

அவன் கூரையைப் பார்த்துக் கைகூப்பினான். உதடு துடித்தது. "ம்... போதும்!" என்று அவள் கேமராவை நிறுத்தியதும், குழாயை மூடியதுபோல் கண்ணீர் நின்றது.

"எப்படி இருந்துச்சு?"

"போன மாசம் அழுததைவிடத் தேவலை. நடுவுல ஒரு ஏப்பம் விட்டீங்க. பரவாயில்ல, விம்மல்னு நினைச்சுக்குவாங்க."

புதுப் பாட்டு எது வந்தாலும் கேமரா முன் உட்கார்ந்து, முதன்முதலாகக் கேட்டு, கேட்டபடியே அழுது, அந்த வீடியோவை இணையத்தில் ஏற்றுவதுதான் அவன் பிழைப்பு. ரசிகர்கள் அவனுக்கு வைத்த பெயர் அழுகை அண்ணன். போட்டிக்கு இன்னொருவன் இருந்தான். எந்தப் பாட்டைக் கேட்டாலும் திறந்த வாயை மூடாதவன். அவன் பெயர் வாய்பிளந்தான்.

கடைசியாக வந்த ஐந்து பாட்டுக்கும் வாய்பிளந்தானே முந்திக்கொண்டான். முதலில் வருகிறவனைத்தான் ஜனம் பார்க்கும். இரண்டாவதாக வருகிற கண்ணீரை ஈ கூட மொய்க்காது.

காலையிலேயே மாமனார் போனில் கறாராகச் சொல்லிவிட்டார். "இன்னிக்கும் பின்தங்கினா சேனலை இழுத்து மூடிட்டு, திங்கக்கிழமை என் பெயின்ட் கடைக்கு வந்துடுங்க மாப்பிள்ளை. அழணும்னா அங்கேயும் அழலாம். தின்னர் வாடை கண்ணை எரிக்கும்."

அதனால்தான் இந்த ஏற்பாடு. நாட்டிலேயே பெரிய இசையமைப்பாளரின் புதுப் பாட்டு மாலை சரியாக ஆறு மணிக்கு வெளியாகிறது. நீளம் நாலு நிமிஷம் பன்னிரண்டு வினாடி என்று விளம்பரத்திலேயே போட்டிருந்தார்கள். அழுகையை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொண்டால், பாட்டு வந்ததும் திரையின் மூலையில் அதை ஒட்டி ஏற்றிவிட வேண்டியதுதான்.

"ஒருவேளை குத்துப் பாட்டா இருந்தா என்னங்க பண்றது?" என்றாள் மனைவி.

"அப்ப இது ஆனந்தக் கண்ணீர். தலைப்பை மட்டும் மாத்திப் போடு."

மணி ஆறு. பாட்டு வந்தது. லேப்டாப்பில் மனைவியின் விரல்கள் பறந்தன. பாட்டை இறக்கினாள், மூலையில் அழுகையைப் பொருத்தினாள். சட்டென்று கை நின்றது.

"ஏங்க, சத்தம் ஏறி இறங்கறதை ஸ்கிரீன்ல எப்பவும் மலை மலையா கோடு போட்டுக் காட்டும். இது புதுசா ரோடு போட்ட மாதிரி நேராப் போகுதே?"

"மெலடிம்மா! அப்படித்தான் மென்மையா இருக்கும். கேட்டுக்கிட்டிருக்க நேரமில்ல, ஏத்து, ஏத்து!"

ஆறு மணி ஒரு நிமிஷத்துக்கெல்லாம் வீடியோ ஏறிவிட்டது. வாய்பிளந்தான் ஆறு மூன்றுக்குத்தான் வந்து சேர்ந்தான், நாலு நிமிஷப் பாட்டை மூன்று நிமிஷத்தில் கேட்டு முடித்த பெருமையோடு.

கமெண்டுகள் கொட்டின. 'அண்ணா, ரெண்டாவது நிமிஷத்தில் நீங்க உடைஞ்சப்போ நானும் பஸ்லயே உடைஞ்சுட்டேன்.' 'இந்த வருஷத்தோட பெஸ்ட் ட்யூன்.' 'எங்க அம்மா ஞாபகம் வந்துடுச்சு. பக்கத்து ரூம்லதான் இருக்காங்க, இருந்தாலும்...'

ஏழு மணிக்குள் ஆறு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். மாமனாரே போனில் அழுகிற பொம்மைப் படம் ஒன்றை அனுப்பியிருந்தார். பெயின்ட் கடைப் பேச்சையே காணோம்.

ஏழரைக்கு, தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. பேசியவர் சாட்சாத் அந்த இசையமைப்பாளர். அவன் அவசரமாக எழுந்து நின்று, மனைவிக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டான்.

"தம்பி, உங்க அழுகையைப் பார்த்தேன்." குரல் கரகரத்தது. "ஒரு விஷயம் சொல்லணும். எங்க ஆபீஸ்ல அவசரத்துல ஒரு தப்பு நடந்துபோச்சு. ஆறு மணிக்கு ஏத்தினதுல படம் மட்டும்தான் போயிருக்கு. சத்தமே போகல."

மனைவி பாய்ந்துபோய் லேப்டாப்பில் ஒலியை முழுசாகக் கூட்டினாள். கணவனின் விசும்பல் கேட்டது. ஏப்பமும் கேட்டது. வேறு ஒன்றும் கேட்கவில்லை.

அவனுக்குக் கண்முன் பெயின்ட் டின்கள் வரிசைகட்டி நின்றன. "சார்... அது வந்து... மன்னிச்சுடுங்க சார். வெளியே சொல்லிடாதீங்க, குடும்பஸ்தன் சார்..."

"இருங்க தம்பி, முழுசாக் கேளுங்க. ஏழு மணிக்கு நிஜமான பாட்டை ஏத்திட்டோம். ஆறு மாச உழைப்பு, நாப்பது வயலின். ஒருத்தனுக்கும் பிடிக்கல. முதல்ல வந்த ட்யூனை எதுக்குய்யா தூக்கினேன்னு போன் போட்டுக் கிழிக்கிறாங்க."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அது நடிப்பில்லை என்று தொழில் தெரிந்த அவனுக்கு உடனே விளங்கிவிட்டது.

"தம்பி, நீங்க கேட்டு அழுதீங்களே, அந்த ட்யூனைக் கொஞ்சம் பாடிக் காட்டுங்களேன்."