செண்பகம் அக்காவின் சிறுநீரகம்

ஸ்கேனுக்காக நான் சோப்பு போட்டுக் கழற்றிய வளையல்களை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள் என் ஓரகத்தி செண்பகம் அக்கா. நான்கு மாதமாக எனக்குள் இருப்பது அவளுடைய சிறுநீரகம். அது ஏன் சோர்கிறது என்று பார்க்க, கண்ணுக்குத் தெரியாத இரும்புத் துகள்களை என் ரத்தத்தில் செலுத்தியிருந்தார்கள். நோய் எதிர்ப்பு அணுக்கள் அவற்றை விழுங்கும்; பிறகு அவை போகிற இடம் படத்தில் கறுப்பாகத் தெரியும். சிறுநீரகத்தை அந்நியமென்று நினைத்தால் அங்கே கூடித் தாக்கும் என்று டாக்டர் என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார்.

டாக்டர் திரையைத் திருப்பினார். சிறுநீரகம் முழுக்கக் கறுப்புப் புள்ளிகள்.

“என்னங்க இது, எறும்பு மொய்ச்ச மாதிரி?” என்றாள் அக்கா.

“இவங்க உடம்போட காவல் அணுக்கள்மா. எல்லாம் அங்கதான் நிக்குது.”

“அடியே, நான் குடுத்ததுக்கு இத்தனை பேரையா காவல் வச்சிருக்க!”

அவள் சிரித்தாள். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

பதினோரு வருடத்துக்கு முன் என் வளைகாப்பில், பிள்ளையில்லாத அக்கா வளையலோடு குனிந்தபோது கையை இழுத்துக்கொண்டேன். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் செய்தேன். அவள் வளையலைத் தட்டிலேயே வைத்துவிட்டு, சந்தனக் கிண்ணத்தை எடுக்க வந்தவள் போல அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

“கையைக் குடுடி, போட்டு விடறேன்” என்று மடியிலிருந்த வளையல்களை இப்போது எடுத்தாள் அக்கா.

நீட்டினேன். கை வீங்கியிருந்தது. விரல் முட்டிகளைத் தாண்டி வளையல் ஏறவில்லை. அவள் விடாமல் தள்ளிக்கொண்டிருந்தாள்.

“வலிக்குதா?”

“இல்லக்கா.”