ஆணியில் தொங்கிய கைக்குட்டை

கண்ணாடிக்குப் பக்கத்து ஆணியில் தொங்கிய கைக்குட்டையை எடுத்து நடிகர் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அதைப் பார்த்ததும் அவர் மனைவியின் முகம் சுருங்கியது.

அது மூக்குத் துடைக்கிற கைக்குட்டை அல்ல. நாடக மேடையில் ஏறிய நாளிலிருந்து அதன் முனையில் தலைவலித் தைலம் தேய்த்து வைப்பார். அழுகைக் காட்சியில் கண்ணோரம் ஒற்றினால் போதும், பொலபொலவென்று கொட்டும். சினிமாவில் பேர் வாங்கிய பிறகும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. இன்றைய பாராட்டு விழாவுக்கென்று இரண்டு நாள் முன்பே புதிதாகத் தேய்த்து மாட்டியிருந்தார்.

“விருது வாங்கப் போற இடத்துல அது எதுக்குங்க?”

“நாலு வார்த்தை பேசச் சொல்வாங்க. கண்ணு கலங்கினாத்தான் ஜனங்களுக்குத் திருப்தி.”

“என்னமோ செய்யுங்க. நம்ம பாப்பாவ மட்டும் மேடைக்கு இழுக்காதீங்க.”

“சேச்சே! அதப் போய்ப் பேசுவேனா?”

பாப்பா அவர்களுடைய முதல் குழந்தை. மழலை பேசிக்கொண்டிருந்தபோதே காய்ச்சலில் போய்விட்டது. அன்று அவர் வெளியூரில் நாடகத்தில் இருந்தார். முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் வந்தார். வீட்டில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. ஊரையே அழவைக்கிறவர் பெற்ற பிள்ளைக்கு அழவில்லையே என்று அவள் நெஞ்சில் தைத்த முள் இன்னும் அப்படியே இருந்தது.

புதிதாக வந்த மருமகள் செருப்பைக் கொண்டுவந்து வைத்தாள். “பாலிஷ் போட்டிருக்கேன் மாமா. முகம் பாக்கலாம்!”

“இவ வந்ததுலேர்ந்து இந்த வீட்ல அழுக்குக்குப் பிழைப்பே இல்ல,” என்று நடிகர் சிரித்தார். “என் பிச்சைக்கார வேஷத்துக் கந்தலக்கூட வெளுத்து வச்சிட்டா. இனிமே எவன் எனக்குப் பிச்சை போடுவான்?”

அரங்கம் நிரம்பி வழிந்தது. பதக்கத்தை அணிவித்ததும், தொகுத்து வழங்கிய பெண் ஒலிவாங்கியை நீட்டினாள். “ஐயா, உங்களால மறக்கவே முடியாத மேடை எது?”

முன்வரிசையில் மனைவியைப் பார்த்தவர் பார்வையை விலக்கிக்கொண்டார்.

“எம் பொண்ணு செத்துட்டான்னு திரைக்குப் பின்னால வந்து சொன்னாங்க. அதுக்கப்புறமும் ஒரு காட்சி பாக்கி. எனக்குக் கோமாளி வேஷம்… எல்லாரும் நல்லாச் சிரிச்சாங்க.”

அவர் கை சட்டைப்பைக்குப் போனது. ‘கடவுளே, அத மட்டும் எடுக்க விடாதே’ என்று மனைவி கண்ணை மூடி வேண்டிக்கொண்டாள். திறந்தபோது கைக்குட்டை அவர் கண்ணில் இருந்தது.

ஒற்றினார். கைக்குட்டையை எடுத்து ஒரு கணம் வெறித்துப் பார்த்தார். அப்புறம் உடம்பு குலுங்க, குரல் உடைந்து, முகத்தை அதிலேயே புதைத்துக்கொண்டு அழுதார். அரங்கமே எழுந்து கைதட்டியது.

“குடுத்து வச்சவங்கம்மா நீங்க,” என்று பக்கத்து நாற்காலிக்காரி மூக்கை உறிஞ்சினாள். குழந்தையின் சட்டையைச் சந்தையில் கூவி விற்றது போல மனைவிக்கு உடம்பு கூசியது. அதன் பிறகு அவள் தலை நிமிரவே இல்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும்தான் வாய் திறந்தாள். “பிள்ளையக் காட்டிக் கைத்தட்டு வாங்கிட்டீங்களே, வெக்கமா இல்ல உங்களுக்கு?”

“இருக்கு.” அவர் பதக்கத்தைக் கழற்றி மேசைமேல் கவிழ்த்து வைத்தார். “அழுது காட்டணும்னுதான் அத எடுத்துக்கிட்டுப் போனேன். இல்லேன்னு சொல்ல மாட்டேன். அங்க எனக்கு என்ன ஆச்சுன்னு சொன்னா நீ நம்பவும் மாட்டே.”

“உங்க அழுகையக் கூடவே இருந்து பாத்தவ நான். என்கிட்டயேவா?”

நனைந்து கனத்த கைக்குட்டையைப் பதக்கத்தின் பக்கத்தில் வைத்துவிட்டு, தலை குனிந்தபடி உள்ளே போனார்.

அவள் அதைத் தொடவும் கூசி, மருமகளைக் கூப்பிட்டாள்.

“இதக் கொண்டுபோய் குப்பையில போடும்மா. இந்தத் தைலம் இனிமே நம்ம வீட்ல இருக்கவே கூடாது.”

மருமகள் கைக்குட்டையை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு விழித்தாள்.

“இத நான் நேத்தே தைல வாடை போகத் துவைச்சு மாட்டிட்டேனே அத்தை!”