ரோட்டோரக் கன்னிமார்

"என்னால தூக்க முடியாது சார். வேணும்னா வண்டிச் சாவிய நீங்களே வச்சிக்குங்க."

சொன்னவன் கொளஞ்சிநாதன், கிரேன் ஓட்டுகிறவன். செருப்பை வண்டியிலேயே விட்டுவிட்டு ஈரத் தார்ச்சாலையில் வெறுங்காலோடு நின்றான். அவனுக்கு எதிரே ஏழு கான்கிரீட் தடுப்புகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் உச்சியிலும் பளிச்சென்று மஞ்சள், நடுவில் சிவப்பாக ஒரு பொட்டு, அடியில் ஒரு கொத்து வேப்பிலை.

விருத்தாசலத்திலிருந்து மங்கலம்பேட்டை போகிற சாலையில் சிறுபாலத்தை அகலப்படுத்தும் வேலை. சாலையை ஒட்டிய பள்ளத்தில் நீலாவதியோடு சேர்த்து ஒன்பது பெண்கள் ஜல்லி சுமக்கிறார்கள். தலைக்கு மேலே பஸ்ஸும் லாரியும் பறக்கின்றன. அவற்றுக்கும் இவர்களுக்கும் நடுவில் இருப்பது இந்த ஏழு தடுப்புகள்தான்.

அவற்றுக்கும் நேற்று மதியம் ஆபத்து வந்தது. காண்ட்ராக்டர் கோதண்டபாணி சூப்பர்வைசருக்குப் போன் செய்து, வேப்பூர் வேலையைப் பார்க்க அதிகாரிகள் வருகிறார்கள், அங்கே ஒரு தடுப்புகூட இல்லை, இந்த ஏழையும் காலையில் அங்கே ஏற்றி அனுப்பு என்று சொல்லிவிட்டார். இங்கே இன்னும் பத்து நாள் வேலை பாக்கி. அதுவரைக்கும் பிளாஸ்டிக் கூம்பு வைத்து, சிவப்பு ரிப்பன் கட்டிக்கொள்ளலாமாம்.

கூம்பின் லட்சணம் நீலாவதிக்குத் தெரியும். போன வருஷம் அவளுடைய நாத்தனார் அமிர்தம் இப்படித்தான் கூம்புக்குப் பின்னால் நின்று வேலை செய்தாள். களிமண் ஏற்றி வந்த லாரி ஒன்று கூம்பையும் இழுத்துக்கொண்டு உள்ளே வந்தது. அமிர்தத்துக்கு இடது கால் முழங்காலோடு போய்விட்டது. கூம்பு மட்டும் என்ன செய்யும், பாவம், அதுவும் சேர்ந்துதான் நசுங்கியது.

அதனால் நேற்றே சூப்பர்வைசர் மதிவாணனிடம் போய் நின்றாள். பத்து நாள் மட்டும் விட்டுவைக்கச் சொல்லுங்கள் என்று கெஞ்சினாள். மனுஷன் அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. முதலாளி சொன்னபடிதான் நடக்கும் என்று சொல்லிவிட்டு பைக்கைக் கிளப்பினார். சாமியும் கிடையாது, மனசாட்சியும் கிடையாது என்று வயிறெரிந்து திட்டிக்கொண்டேதான் அவள் வீடு போய்ச் சேர்ந்தாள்.

அவருக்குச் சாமி கிடையாது என்பது ஊருக்கே தெரிந்த சங்கதி. மதிவாணன் கறுப்புச் சட்டைக்காரர். ஆயுத பூஜையன்று கலவை மெஷினுக்குச் சந்தனம் வைத்தவர்களையே துணி எடுத்துவந்து துடைக்க வைத்தவர். அப்பேர்ப்பட்டவர் இன்று காலை இந்தக் காட்சியைப் பார்த்தால் சும்மா இருப்பாரா?

"செராமிக் தொழிற்பேட்டைக்குப் பின்னால நம்ம யார்டுல, போன மாசம் வார்த்த கான்கிரீட்டுய்யா இது. அச்சுலேர்ந்து நான்தான் கழட்டினேன். இதுல சாமி எங்கேர்ந்து வந்துச்சி?"

கொளஞ்சிநாதன் அசையவில்லை.

"ஏழு இருக்குது பாருங்க சார். ஆறு இல்ல, எட்டு இல்ல. ஏழு கன்னிமாரு. ராத்திரி அடிச்ச மழையில ரோட்டுல போட்ட சுண்ணாம்புக் கோடே கரைஞ்சு போச்சி. இந்த மஞ்சளும் குங்குமமும் அப்படியே நிக்குது. இத சங்கிலி போட்டுத் தூக்கிட்டு நான் வூடு போய்ச் சேரணுமா?"

மதிவாணன் பெண்கள் பக்கம் திரும்பி, இது உங்களில் யார் வேலை என்று அதட்டினார். ஒன்பது பேரும் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தார்கள். யாரோ ஒருத்தி செய்திருந்தால் நன்றாக இருக்கும் என்று நீலாவதிகூட நினைத்துப் பார்த்தாள். ஆனால் மழைக்குக் கரையாத மஞ்சளுக்கு அவர்கள் எங்கே போவார்கள்? அவளுக்கே உடம்பு சிலிர்த்தது.

அதற்குள் போகிற வருகிற பைக்கெல்லாம் நின்றது. டவுன் பஸ் ஜன்னலிலிருந்து நாலு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கடைசியில் மதிவாணன் முதலாளிக்கே போன் போட்டு, முட்டாள்தனத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா சார், நீங்களே இவனிடம் சொல்லுங்கள் என்று படபடத்தார்.

கோதண்டபாணி முதலில் கத்தினார். அப்புறம் ஏழா என்று கேட்டார். மழையிலும் அழியவில்லையா என்று இரண்டு தடவை கேட்டார். வருஷா வருஷம் மஞ்சள் துணி கட்டித் தீ மிதிக்கிறவர் அவர். வேப்பூருக்கு வாடகைக்குத் தடுப்பு எடுத்துக்கொள்கிறேன், வேலை முடிகிறவரைக்கும் அந்த ஏழின் மேல் ஒருத்தன் கை படக்கூடாது என்று சொல்லி போனை வைத்தார்.

கொளஞ்சிநாதன் கும்பிட்டுவிட்டு கிரேனைத் திருப்பிக்கொண்டு போனான். கூட்டமும் கலைந்தது. பெண்கள் பள்ளத்தில் இறங்கினார்கள்.

நீலாவதி மட்டும் பின்தங்கினாள். அமிர்தத்துக்கும் கொஞ்சம் குங்குமம் எடுத்துப் போகலாம் என்று முதல் தடுப்பின் பொட்டில் விரலை வைத்துத் தேய்த்தாள். விரலில் ஒட்டவில்லை. நகத்தால் சுரண்டினாள். சிவப்பு ஏடு ஏடாகப் பெயர்ந்து வந்தது. மூக்கருகே கொண்டுபோனாள். ரோட்டில் கோடு போடுகிற பெயிண்ட் வாசனை.

பெயிண்ட் டப்பாவெல்லாம் பூட்டிய ஷெட்டில் இருக்கிறது. அதற்கு ஒரே சாவிதான், அது மதிவாணன் இடுப்பில் தொங்குகிறது.

அவள் அவர் பக்கத்தில் போய் மெதுவாகக் கேட்டாள்.

"சாமியே இல்லம்பீங்களே சார்?"

மதிவாணன் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார்.

"இல்லதான் நீலாவதி. இந்தப் பத்து நாளைக்கு மட்டும் இருந்துட்டுப் போவட்டும்."