பட்டறை முதலாளியின் ரத்த அழுத்தம்

தியாகராய நகரில் ஒரு நகைப் பட்டறையில் மாசிலாமணி பதினான்கு வருடம் தங்கத்தைப் பற்றவைத்தார். பற்றவைக்கும் பொடியில் காட்மியம் என்ற நச்சு உலோகம் கலந்திருந்தது. அந்தப் புகை முதலில் அவருடைய சிறுநீரகங்களைக் கெடுத்தது, பிறகு ரத்த அழுத்தத்தை ஏற்றியது. போன மாதம் அவர் இறந்துபோனார்.

நஷ்டஈட்டுக்கு மனு போட, அவர் அங்கே வேலை செய்தார் என்று ஒரு கடிதம் தேவைப்பட்டது. அவர் மனைவி அங்காளம்மாள் காலையிலேயே முதலாளி நந்தகுமாரின் அறைக்குப் போனாள். அவர் வழக்கம்போல பி.பி. மிஷினின் பட்டையைக் கையில் சுற்றிக்கொண்டு பட்டனை அழுத்தினார்.

“காட்மியமா? நம்ம பட்டறையில அது கெடையவே கெடையாது. உன் புருஷன் குடிச்சே கிட்னிய கெடுத்துக்கினான்.”

“அவரு குடிச்சத நீ பாத்தியா சார்?”

“லெட்டரும் கெடையாது. கெளம்பு.”

மிஷின் பீப் என்றது. 210/130. நாடித்துடிப்பு காட்டும் இடத்தில் பூஜ்யம் இருந்தது.

நந்தகுமார் திட்டிக்கொண்டே பட்டையை மறு கைக்கு மாற்றினார். அதே 210/130. அதே பூஜ்யம்.

“இன்னா மிஷின் இது,” என்றார். குரல் இறங்கிவிட்டது.

அங்காளம்மாள் எட்டிப் பார்த்தாள். “மிஷின் நல்லாத்தான் கீது. கடைசி நாள் ஆஸ்பத்திரில அவருக்கும் இதே பி.பி.தான்.”

அவர் பட்டையைப் பிய்த்து மேசையில் எறிந்தார். லெட்டர்பேடை இழுத்து, மாசிலாமணியின் பெயரை எழுத ஆரம்பித்தார்.

“காட்மியம்னும் எழுது,” என்றாள் அவள்.

மேசைமேல், எந்தக் கையும் இல்லாத அந்தப் பட்டை மெல்ல மெல்ல உப்பிக்கொண்டிருந்தது.