பச்சை ஜன்னல்

"மேடம், இந்தப் பக்கம் பச்சை ஜன்னல் வெச்ச வீடு ஒண்ணு இருந்ததே, தெரியுமா?"

ரயில் நின்றுபோன பாதையை நடைபாதையாக்க, ஞாயிறுதோறும் சம்பளமில்லாமல் முள் வெட்ட வருகிறவர்களில் தொப்பிக்காரரும் தையல்காரம்மாவும் உண்டு. அவர் வெட்டுவார்; அவள் இழுத்துப் போடுவாள்.

"எதுக்குக் கேக்குறீங்க, சார்?"

"ரயில் ஓடுனப்போ தினம் இந்த வழியாதான் வேலைக்குப் போவேன். அந்த ஜன்னல்ல ஒரு பொண்ணு எனக்குக் கையாட்டும். நானும் ஆட்டுவேன். வீட்டுல பேச ஆளில்லாதவனுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்! இப்ப எல்லாத்தையும் புதர் மூடிடுச்சு. நடைபாதைக்காகவா நான் கையைக் கிழிச்சுக்குறேன்னு நினைச்சீங்க?"

"முள்ளைப் பார்த்து வெட்டுங்க சார், விரல் போயிடப் போகுது" என்று பேச்சை மாற்றினாள் அவள்.

வீட்டுக்கு வந்ததும் நேரே பின்னறைக்குப் போனாள். ஜன்னலில் பச்சைப் பெயின்ட் பாதி உரிந்திருந்தது.

ரயில் ஓடிய நாட்களில், இரவு ரயில்கள் அப்பிவிட்டுப் போகும் கரியை, காலை ரயில் கடக்கும் நேரத்தில்தான் திட்டிக்கொண்டே துடைப்பாள். துணியும் கையுமாகக் கண்ணாடி துடைத்தாளே தவிர, யாருக்கும் ஒருநாளும் கையாட்டியதில்லை. தன்னையும் ஒருவர் தேடிக்கொண்டிருக்கிறார் என்பதே இன்றுதான் தெரிந்தது.

அடுத்த ஞாயிறு அவள் முள் வெட்டும் வேலைக்குப் போகவில்லை; பின்னறை ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வெட்டுச் சத்தம் நெருங்கி வந்தது. புதர் சாய்ந்தது. அறைக்குள் வெயில் விழுந்தது. வெளியே அந்தத் தொப்பி தெரிந்தது.

தையல்காரம்மா துணியைக் கீழே போட்டுவிட்டு, வெறுங்கையை ஆட்டினாள்.